முகம் தெரியும், அவ்வளவுதான்

என் அப்பா லிப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவரைக் கயிறு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், என்ன கோளாறு என்று காதில் வாங்குவதற்கு முன்னால் லிப்டைத் தூக்கும் கம்பிக் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்துதான் பேச்சே. பொத்தானில் விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டாலும் அப்படித்தான். "ஏறுறவன் பொத்தானை நம்பியா ஏறுறான்?" என்பார். கேட்பவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் அவர் கைபட்ட லிப்டில் யாருக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்தது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைப் படித்துவிட்டு, பாவம் ஏமாளி என்று நினைத்துவிடுவீர்கள்.

வீட்டில் நானும் அவரும்தான். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டாள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு (பள்ளிக்கூடம்தான் எனக்குப் போட்டது என்று சிலர் சொல்லலாம்) ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன்.

அப்பாவுக்கு ஒரே அக்கா. என் அத்தை. இரண்டு விமானம் மாறிப் போகும் தூரத்தில், விசா கேட்காத ஒரு நாட்டில் மகனோடு இருக்கிறாள். அவர்களுடைய அம்மா இறந்தபோது அப்பாவுக்கு ஆறு வயது, அத்தைக்குப் பதினாலு. அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு போட்டது, தலை வாரிவிட்டது, முதுகில் நாலு வைத்தது எல்லாம் அவள்தான். இப்போது அவளுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்று டாக்டர் இருபத்திநாலாம் தேதி குறித்துவிட்டார். அவள் போனில் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சிய நேர்ல பாக்கணும்டா. அப்புறம் அவங்க என்ன வேணா பண்ணிக்கட்டும்."

அப்பாவின் பாஸ்போர்ட் காலாவதியாகி நாலு வருடம். அதில் இருக்கும் படத்தில் சுருள்முடியும் முறுக்கு மீசையுமாக ஓர் ஒல்லி ஆள் இருக்கிறார். பார்த்தால் அப்பாவின் தம்பி மாதிரி இருக்கும், அதுவும் வீட்டை விட்டு ஓடிப்போன தம்பி.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் கவுன்டர் அம்மா படத்தைப் பார்த்தார், அப்பாவின் வழுக்கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"நான்தாங்க. முடி மட்டும் வேற ஆளுது."

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை நீட்டினார். முகம் இவ்வளவு மாறியிருப்பதால் ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். சொந்தக்காரராக இருக்கக் கூடாது. டாக்டர், வக்கீல், தலைமை ஆசிரியர், வங்கி மேலாளர் என்று அந்தத் தாளில் உள்ள தொழில்களில் ஒன்றில் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வருடம் 'தனிப்பட்ட முறையில்' தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தை மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. புதுப் படத்தின் பின்பக்கம் 'இது இன்னார்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் போட்டுக் கேட்பார்கள்.

அப்பா வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். நம்ம வக்கீல் இருக்காரே."

வக்கீல் மாமா ஏழாவது மாடியில் இருப்பவர். அப்பா பார்க்கும் கட்டடங்களில் ஒன்று அது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் லிப்டில் மாட்டிக்கொண்டார். கோட்டு போட்டு நீதிமன்றத்தில் சிங்கமாக நிற்கிற ஆள், உள்ளே சின்னப் பிள்ளை மாதிரி கதவை அறைந்திருக்கிறார். உதிரி பாகம் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றதும் அப்பா கதவுக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "உன்னைப் பத்தித்தான். நீ மூக்குல பட்டாணியைப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது" என்பார். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் அப்பா அந்த வீட்டில் டீ குடிப்பார். 'யோவ்', 'வக்கீலே' என்றுதான் பேச்சு. வக்கீலின் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் முடியாமல் போனபோது மின்சாரம் இல்லை. அப்பாதான் அந்தப் பாட்டியை நாற்காலியோடு தூக்கி ஏழு மாடி இறக்கினார். எனக்குப் பத்து வயதானபோது வக்கீல் மாமா சிவப்புச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். மாமா என்று நான் சும்மா கூப்பிடவில்லை.

கையெழுத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். "இதுக்கு ஏன்யா தயங்கித் தயங்கி நிக்கிற? கொண்டா இங்க," என்று பேனாவை எடுத்தார். படத்தின் பின்பக்கம் முத்து முத்தாக எழுதினார். "வழுக்கைக்கும் சேத்து உத்தரவாதம் குடுத்திருக்கேன், போ."

அடுத்த புதன்கிழமை. அந்தக் கட்டடத்தில் வழக்கமாகப் புதன்கிழமை பார்ப்பவர் லீவு, அப்பா போயிருக்கிறார். ஒவ்வொரு மாடி வாசலிலும் 'பழுது' பலகையை மாட்டிவிட்டு, லிப்டின் கூரைமேல் ஏறி, அதை மெல்ல மேலே ஓட்டிக்கொண்டுபோய் ஏழாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக் கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் இருட்டு, கையில் டார்ச். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல். வக்கீல் தன் கட்சிக்காரர்கள் இரண்டு பேரை வழியனுப்ப வந்திருக்கிறார். பெரிய இடத்து ஆட்கள். பலகையைப் பார்த்துவிட்டு, படியில் இறங்கலாமா என்று நின்றிருக்கிறார்கள். அப்போதுதான் அவர் போன் அடித்தது.

வக்கீலுக்கு இடது காது மந்தம். வலது காதையும் நம்பமாட்டார். போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். அதனால் அங்கே நின்ற இருவருக்கும் கேட்டது. கதவுக்குப் பின்னால் இருந்த மூன்றாவது ஆளுக்கும் கேட்டது.

"சார், பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்து பேசறோம். ஒருத்தர் படத்துக்குப் பின்னாடி கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரா... எங்க பில்டிங்குக்கு லிப்ட் பாக்க வருவார்."

கட்சிக்காரர்களில் ஒருவர் சிரித்தாராம். "லிப்ட்காரனுக்கெல்லாம் நம்ம சார்தான் ஜாமீன் போல."

"தனிப்பட்ட முறையில தெரியுமா சார்?"



"அப்படிச் சொல்ல முடியாதுங்க. முகம் தெரியும், அவ்வளவுதான்."

"அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"அதெல்லாம் நமக்குத் தெரியாது."

அந்த 'அதெல்லாம்' நான்தான்.

அவர்கள் படியில் இறங்கிப் போனார்கள். அப்பா மீதிக் கயிற்றையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சமாதானமும் சொன்னார். "பக்கத்துல ஆள் இருந்தாங்கல்ல. கூச்சப்பட்டிருப்பார். அவங்க போனதும் திரும்பக் கூப்பிட்டுச் சரியாச் சொல்லியிருப்பார்."

"சொல்லலைன்னா?"

"சனிக்கிழமை தெரிஞ்சுடும்."

சனிக்கிழமை போனார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. வக்கீலே பேச்சை எடுத்தார். "என்னய்யா, பாஸ்போர்ட் வந்துச்சா?"

"இன்னும் இல்ல சார். உங்களுக்குப் போன் எதுவும் வந்துச்சா?"

"எனக்கா? ஒரு போனும் வரலையே. அந்த ஆபீஸ்காரங்க சோம்பேறிங்கய்யா." அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "அதென்ன புதுசா சார்?"

"சும்மாதான் சார்," என்று அப்பா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். புதன்கிழமை சொன்ன கதையில் அவர் குரல் உடையவில்லை. இதைச் சொல்லும்போது உடைந்தது.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. உறுதி அளித்தவர் தங்களைத் தனிப்பட்ட முறையில் அறியார் என்று தெரிவித்ததால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது. வேறொருவரைக் கொண்டு புதிதாகத் தரவும். இருபத்திநாலாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

எனக்கு லிப்டை நடுவழியில் நிறுத்தத் தெரியும். அப்பாவோடு சுற்றியதில் படித்த ஒரே படிப்பு அது. சத்தியமாக அதைத்தான் செய்ய நினைத்தேன். ஆனால் இருட்டில் கதவை அறைகிற ஆளை நினைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை வெளியே உட்கார்ந்து பட்டாணிக் கதை சொல்ல ஆள் இருக்காது. அதனால் கடையில் பெரிய தாளில் அச்சடித்து, ஏழாவது மாடி லிப்ட் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்: 'இந்த லிப்டுக்கு வக்கீலைத் தனிப்பட்ட முறையில் தெரியாது. முகம் தெரியும், அவ்வளவுதான்.'

சாயங்காலமே வக்கீல் எங்கள் வீட்டு வாசலில் நின்றார், கையில் அந்தத் தாள். பதினோரு வருடத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

அப்பா தாளைப் படித்துவிட்டு என்னைத்தான் முதலில் பார்த்தார். "லிப்ட் கதவுல பசை தடவக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? கீழ வழிஞ்சு கதவு ஓடுற பள்ளத்துல இறங்கினா கதவு மூடுமா?"

"யோவ், யாரோ உன்கிட்ட என்னமோ தப்பாச் சொல்லியிருக்காங்க," என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"யாரும் சொல்லலை சார். நான் அங்கதான் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், லிப்ட் மேல."

நீதிமன்றத்தில் நாள் முழுக்கப் பேசுகிறவர் வார்த்தை வார்த்தையாகத்தான் பேசினார். "அவங்க ரெண்டு பேரும் பெரிய பார்ட்டிய்யா. அந்த நேரத்துல எனக்கு... நான் திரும்பப் பேசிச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"சனிக்கிழமை கேட்டேனே."

வக்கீல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இப்ப வேணா போன் பண்றேன். உன் எதிர்லயே பண்றேன்."

"வேண்டாம் சார். ஒரு தடவை தெரியாதுன்ன ஆள் மறுபடி தெரியும்னு வந்து நின்னா, யார் நம்புவாங்க? உங்க கோர்ட்டுல நம்புவாங்களா?"

உள்ளே வாங்க என்று அப்பா சொல்லவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த எந்த ஆளிடமும் அப்பா அப்படிச் சொல்லாமல் விட்டு நான் பார்த்ததில்லை.

டாக்டர் என்று ஒருவரிடம் அப்பா தொடர்ந்து போனதில்லை, அவருக்குக் காய்ச்சலே வராது. வங்கி மேலாளர் வருடத்துக்கு ஒருவர் மாறுகிறார். மிச்சம் இருந்தது தலைமை ஆசிரியை, என்னைத் துரத்திய அதே அம்மா. புது விண்ணப்பத்தோடு நான்தான் போய் நின்றேன்.

"உங்க அப்பாவை எனக்குத் தெரியுமாவா?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "உன் புண்ணியத்துல மூணு வருஷத்துல பதினேழு தடவை இந்த ரூமுக்கு வந்திருக்கார். ஒரு தடவைகூட உன்னை விட்டுக்குடுத்துப் பேசினதில்ல. ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்டு அவர் எழுதிக் குடுத்த கடிதம் இருக்கு, காட்டவா?"

கையெழுத்துப் போட்டார். அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது பத்து நிமிடம் பேசினாராம். போதும் மேடம் என்று அவர்களே வைத்துவிட்டார்கள். ஆனால் வரிசை வரிசைதான். அவசரம் என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினாலும், ஒரு தடவை நின்று போன விண்ணப்பம் முதலிலிருந்துதான் நகரும் என்றார்கள். வர முடியாது என்று அத்தையிடம் சொல்ல மட்டும் அப்பாவுக்கு மனசு வரவில்லை.

இருபத்திநாலாம் தேதி காலை ஏழு மணிக்கு அத்தையின் மருமகள் போன் போட்டு, அத்தையின் காதில் வைத்தாள். அப்பா வேலைக்குப் போகச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ மருந்து கொடுத்திருப்பார்கள் போல, அத்தையின் குரல் குழறியது.

"வந்துட்டியாடா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"வந்துட்டேன்க்கா. வாசல்ல நிக்கிறேன். உள்ள விடமாட்டேங்கறாங்க."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

"சரி. எங்கயும் போயிடாத. அங்கயே நில்லு."

அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன், உட்காரவில்லை. டீ கொடுத்தேன், ஆறிப் போனது. நல்லபடியாக முடிந்தது என்று போன் வர ஐந்தரை மணி நேரம் ஆனது. அதுவரை நின்றார்.

மூன்றாம் நாள் அத்தைக்கு நினைவு தெளிந்து, வாசலில் நிற்கிறவனைக் கூப்பிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். யாரும் வரவில்லை என்று மருமகள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அத்தை ஒரே ஒரு தடவைதான் போன் போட்டாள்.

"யார் வேணா பொய் சொல்லியிருக்கலாம்டா. நீ சொல்லலாமா? நீ வெளிய நிக்கிறேன்னு நெனச்சுத்தானே கண்ண மூடினேன்."

வைத்துவிட்டாள். அப்புறம் அப்பா எத்தனை தடவை அடித்தாலும் எடுக்கவில்லை.

பாஸ்போர்ட் அடுத்த மாதம் இரண்டாம் தேதி வந்தது. மறுநாளுக்கே டிக்கெட் எடுத்தார் அப்பா. வர வேண்டாம் என்று மருமகள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள் அத்தை. நாலு சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே அப்பா சொன்னார்: "அந்தாளு தெரிஞ்சதைத் தெரியாதுன்னார். நான் இல்லாத இடத்துல இருக்கேன்னேன். என்ன வித்தியாசம்?"

"நீங்க நின்னீங்களேப்பா. அஞ்சரை மணி நேரம்."

"அது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று பையை மூடினார். மூடிவிட்டு இன்னொரு தடவை அத்தைக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது.