இடம் மாறினாலும் பேசும் கார்டு

பற்றவைக்கும் சால்டர் ஈயம் உருகும்போது எழும் ரோசின் புகை எந்தக் கடையிலிருந்து வந்தாலும் என் கால் நின்றுவிடும். போன வாரம் அசோகா ரோட்டில், செல்போன் பழுது பார்க்கும் கடை வாசலில் அப்படித்தான் நின்றேன். தித்திப்பும் காரமும் கலந்த அந்தப் புகைக்குள் தொண்ணூறுகளின் மைசூர் இருந்தது. தொழிற்பேட்டையில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. அதற்குள், கோபமாக, மேடம் இருந்தார்.

மேடத்துக்கு ஊர் கொங்கு எல்லையை ஒட்டிய ஹனூர். என் வயதுதான்; ஆனால் வடிவமைப்பின் பொறுப்பு அவருடையது. செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் தொலைபேசிக் குரல்களை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் கருவி. அதை அவர் ஒரே பெரிய போர்டாகச் செய்யவில்லை. எட்டு ஸ்லாட் உள்ள ஒரு பெட்டி. எட்டிலும் ஒரே மாதிரிச் சின்னக் கார்டு, ஒரே சிக்னல் பிராசசர், ஒரே புரோகிராம். எந்த ஸ்லாட்டில் செருகினோமோ அதைப் பார்த்துத் தன் வேலை எதுவென்று கார்டு தானே தெரிந்துகொள்ளும். அழைப்புகள் பெருகினால் இன்னொரு பெட்டி, இன்னும் சில கார்டுகள். ஒன்று செத்தால் மற்றவை அதன் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். யாரும் யாருக்கும் மேலில்லை. அந்தச் சமத்துவத்தின்மேல் எனக்குக் காதலே இருந்தது.

ஜெனரல் மேனேஜருக்கு அது ஆகவில்லை. எல்லாவற்றையும் ஒரே போர்டில் அடக்கு என்றார். பார்க்க லட்சணமாக இருக்குமாம். அவர் மனதை மாற்றத்தான் அன்று கூட்டத்தில், ஓடிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து இரண்டு கார்டுகளை உருவி, இடம் மாற்றிச் செருகினார் மேடம். இரண்டும் ஊமையாயின.

"ஏன்ம்மா, உன் கார்டு வீடு மாறினா பேசாதா?" மேனேஜர் சிரித்தார். "பெரிய போர்டே மாடோணா, அதையே பண்ணலாம். சும்னே பிடிவாதம் பிடிக்காதே."

அந்த இரண்டு கார்டிலும் ஸ்லாட் எண்ணைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைத்தவன் நான். முந்தைய வாரம் சோதனையைச் சீக்கிரம் முடிக்க எடுத்த குறுக்குவழி, அழிக்க மறந்திருந்தேன். எழுந்து நின்றேன்.

"தப்பு என்னுது சார். டிசைன் சரிதான்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், கார்டுக்குப் பட்டாவே எழுதிக் குடுத்துட்டீங்களா?"

திருத்தி எழுத அரை மணி நேரம். பிறகு எட்டுக் கார்டுகளையும் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துச் செருகினார். எட்டும் பேசின. ஒன்றை உருவினார், குரல் ஒரு நொடி இடறி, தொடர்ந்தது. அறையே கேட்டது. மேனேஜர் மட்டும் கேட்கவில்லை. பெரிய போர்டுக்கான ஒப்புதல் தாளை மேடத்தின் முன் தள்ளினார்.

"இதுல என்ற கையெழுத்து விழாதுங்க. நாளைக்குப் போன் கால் ரெட்டிப்பாச்சுன்னா மொத்தத்தையும் தூக்கிப் போடோணும். தூக்கிப் போடறதுக்கு நான் எதுக்குங்க வரையோணும்?"

"அப்போ வேலையை விட்டுடும்மா."

மேடம் அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறினார். தாள் நகர்ந்து என் முன்னால் வந்து நின்றது.

எல்லாம் ஒன்றுக்குள் அடங்கட்டும் என்று இன்றும் யாராவது முழங்கும்போது எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காருகிறது. ஐம்பதைத் தாண்டியும் அது அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

அன்று தாளை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். மேடம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்லைங்க."

முகமெல்லாம் சிரிப்பாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

"அப்ப நாளைக்குச் சோறு கட்டிட்டு வராதீங்க சார். மத்தியானம் வரைக்கும் உங்களை வெச்சிருக்க மாட்டாங்க."