பாதிக் காது

எங்கள் ஆடுகள் வளராது. ஒரு வயது தாண்டிய கிடாகூட என் முழங்காலுக்குச் சற்று மேலேதான் நிற்கும். பார்க்கிறவர்கள் குட்டி என்று நினைத்துத் தூக்க வருவார்கள். பட்டியில் பிறந்ததில் குட்டையானதை மட்டும் வைத்துக்கொண்டு, நெட்டையை எல்லாம் விற்று, ஏழெட்டு வருடத்தில் அப்படி ஒரு செம்மறிக் கூட்டத்தை என் கணவர் உண்டாக்கியிருந்தார். சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் எங்கள் புன்செய்க் கொல்லை. "ஆடு வளக்கிறியா, முயல் வளக்கிறியா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள். அவர் பதில் சொல்லமாட்டார். ஆடுகளோடு பேசியதில் கால் பங்கு என்னோடு பேசியிருந்தால் எனக்குப் போதும்.

அவர் எண்ணம் வேறு. பரங்கிப்பேட்டையில் பக்ரீத்துக்கு மாட்டைக் குர்பானியாகப் பலி கொடுத்தால் ஏழு பேர் பங்கு சேரலாம். ஆடு என்றால் ஒருவருக்கு ஒன்று. பெரிய கிடா வாங்க முடியாத வீட்டுக்காரருக்கும் தன் பேரில் தனியாக ஒன்று கொடுக்க ஆசை இருக்கும். முன்வாயில் இரண்டு பல் போட்டுவிட்டால் வயது சரி. உயரத்தை யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு பக்ரீத்துக்கு இரண்டு கிடாவை அங்கே கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தவர், அன்றைக்கு மட்டும் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகையில் விடாத மழை. அவருக்குக் காய்ச்சல் கண்டது. கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டினோம். பாதையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போயிருந்ததால் திரும்பி வந்தோம். ஐந்தாம் நாள் நாக்கு குழறியது. "காது, காது" என்றார். காதுவலி போலிருக்கிறது என்று நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி இரண்டு காதிலும் ஊற்றினேன். மறுநாள் காலையில் போய்விட்டார்.

நான் அழவில்லை. வந்த பெண்கள் கட்டிக்கொண்டு என்னை உலுக்கிப் பார்த்தார்கள். எனக்கு ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போடவேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. எழுந்து போய் ஒடித்துப் போட்டேன். அதற்கும் பேசினார்கள்.

கருமாதி முடிந்ததும் அவருடைய அண்ணன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதையும் சீக்கிரம் முடித்துவிட நினைப்பவர். "பக்ரீத் வரைக்கும் பாரும்மா. பேட்டையில கிடாவ வித்துட்டின்னா கொல்லையும் பட்டியும் உங்கிட்டயே இருக்கட்டும், நான் ஒண்ணும் கேக்கல. விக்கலன்னா எல்லாத்தையும் சிதம்பரம் கறிக்கடைக்கு ஓட்டிட்டு, உன்னத் திட்டக்குடியில உங்கம்மா வூட்ல கொண்டுபோய் வுட்டுர்றேன்" என்றார். "சரி மாமா" என்றேன். திட்டக்குடியில் தம்பி மனைவிக்கு வேலைக்காரியாக இருப்பதைவிட இந்த ஆடுகளோடு இருந்துவிடலாம் என்று மட்டும் தோன்றியது.

தை மாதம் மறுபடியும் வந்தார். பக்கத்துக் கொல்லைக்காரருடைய குட்டிகளும் எங்கள் ஆடுகளும் மேய்ச்சலில் கலந்துபோய், எது யாருடையது என்று ஒரே சண்டை.

"அவன் காய்ச்சல்ல கெடந்தப்பவே வாசல்ல நின்னு கத்திட்டுப் போனேன், காத வெட்டி அடையாளம் போடுங்கன்னு. யாரு கேட்டீங்க?" என்றார்.

என் கணவர் அடையாளத்துக்கு நெற்றியில் காவிதான் பூசுவார். காவிக்கட்டி எங்கே வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. ரவிக்கை தைக்கிற கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் போனேன். ஒவ்வொன்றாகக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு வலது காதில் இரண்டு விரல் அகலம் வெட்டினேன். ஆடே குட்டை, அதன் காது எவ்வளவு இருக்கும்? பாதி போய்விட்டது. அவை கத்தின. வெட்டின இடத்தில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினேன். கீரை நறுக்குவதைப்போல வேலை முடிந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

பங்குனியில் பரங்கிப்பேட்டையிலிருந்து பாய் வந்தார். முன் வருடம் வாங்கியவர்தான். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கிடாவைப் பிடித்து, தாடையை அழுத்தி வாயைத் திறந்து பார்த்தார்.

"பல்லு போட்டிருக்கு. நல்ல கிடா. எட்டு வீட்ல சொல்லி வச்சிருக்காங்க" என்றார். அவர் கை தலையைத் தடவிக்கொண்டே வந்து நின்றது. "காது எங்கம்மா?"

"அடையாளத்துக்கு நான்தான் வெட்டினேன் பாய்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

பாய் கிடாவை விட்டுவிட்டார். "இவ்வளவு காது போயிருந்தா குர்பானிக்கு ஆகாதும்மா. ஊனமில்லாததாத்தான் குடுக்கணும். போன வருஷமே அவருகிட்ட படிச்சிப் படிச்சிச் சொன்னேனே, காதுல மட்டும் கத்தி படக்கூடாதுன்னு. உங்கிட்ட சொல்லலியா?"

"சொல்லல" என்றேன்.

செத்துப்போனவர்மேல் அப்போது எனக்குக் கோபம் வந்தது. நாலு மாதத்தில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான். ஊமை மனுஷன், இதையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று பல்லைக் கடித்தேன். பாய் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார்.

பெருநாள் முடிந்த வாரத்தில் கணவரின் அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்தார். திட்டவில்லை. பட்டியைத் திறந்து விட்டார். பெட்டை, கிடா எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என்னைத் தாண்டிப் போயின. நான் மூட்டை கட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் வலது பக்கம் பாதிக் காது. காது, காது, காது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பாயிடம் 'சொல்லல' என்று நான் சொன்னது தப்பு. என் கணவர் சொன்னார். எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் கிட்டே போனபோது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிச் சொன்னார். நான்தான் தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன்.