எதிர்வாசலில் நின்ற டாக்சி

குமாசி நகரில் டாக்சி ஓட்டும் டூஃபிக்கு வாய் நீளம், பொறுமை குறைவு. அவள் புது வண்டி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் கியர் மாறும்போதெல்லாம் வண்டி உதைத்தது. பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போனது. எத்தனை முறை ஷோரூமுக்குக் கொண்டுபோனாலும், "கம்ப்யூட்டர்ல பழுது காட்டல, நீங்க ஓட்டுறதுதான் சரியில்ல" என்று மேனேஜர் போட்டெங் திருப்பி அனுப்பினார். வண்டி ஓடினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்த ஊர் டாக்சிகளின் பின்கண்ணாடியில் கடவுளுக்கு நன்றியோ, மாமியாருக்குக் குத்தலோ எழுதியிருக்கும். டூஃபி தன் கண்ணாடியில், 'பிரேக் எங்கே? எதிரே கேளுங்கள்' என்று எழுதவைத்து, ஷோரூமுக்கு எதிரே வண்டியை நிறுத்தினாள். கார் வாங்க வந்தவர்கள் படித்துச் சிரித்தார்கள். சிலர் அப்படியே திரும்பிப் போனார்கள்.

போட்டெங் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"மேடம், இத அழிங்க. இல்லன்னா போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க பாஸ். அவங்களும் படிக்கட்டும்."

"வண்டில ஒண்ணுமே இல்லன்னு எத்தன தடவ சொல்றது?"

"அப்ப இந்தாங்க சாவி. நீங்களே இந்த இறக்கத்துல சந்தை வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. நானே அழிச்சிடறேன்."

கூட்டம் கூடிவிட்டது. போட்டெங் சாவியை வாங்கினார். சந்தையை நோக்கிச் சரியும் சாலையைப் பார்த்தார். கதவைத் திறக்கவில்லை.

"என்ன பாஸ், வீட்டுல பிள்ளைங்க ஞாபகம் வந்துடுச்சா?"

அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"உள்ள கொண்டு போ. கியர்பாக்ஸ், பிரேக் ரெண்டையும் பிரிச்சுப் பாரு. ஓட்டாத, தள்ளிக்கிட்டுப் போ."