முதல் ஐந்து நிமிடம்

ரயில் நிலையத்தில் எல்லாருக்கும் அவர் வெண்கலம். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது; அது மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் போதும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். வழக்கமான வண்டிகளுக்குப் பதிவு செய்து வைத்த பெண்குரல் ஒன்று உண்டு. வண்டி தாமதம், நடைமேடை மாற்றம், அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிற குழந்தை என்று எதிர்பாராமல் எது வந்தாலும், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் வெண்கலம்தான் மைக்கைப் பிடிக்க வேண்டும். கரண்ட் போன ஒரு நாள், மைக் இல்லாமலே நாலாவது நடைமேடை வரைக்கும் அவர் அறிவிப்பைக் கொண்டு சேர்த்தார் என்று சுமை தூக்குகிறவர்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள்.

அதே குரல் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவிலும், புதன்கிழமை மாலைகளில் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் வேலை பார்த்தது. நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்கப் போகும் குழுவில் மூன்றே பேர்: போதகர், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், வெண்கலம். போதகர் சுருக்கமாக ஜெபிப்பார். டீச்சர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். அப்புறம் வெண்கலம் தொண்டையைச் செருமுவார். உலகம் உண்டான நாளில் புறப்படும் அந்த ஜெபம், வழியில் ஒரு நிலையம் விடாமல் நின்று, உலகம் முடியும் நாளுக்குப் போய்ச் சேர்வதற்குள் நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிடுவார். பக்கத்து வார்டில் இருப்பவர்களும் சேர்ந்து ஆமென் சொல்வார்கள்.

மனிதரைக் குறை சொல்வதற்கில்லை. மழையானாலும் வெயிலானாலும் ஒரு புதன்கிழமை தவறியதில்லை. உண்மையான இரக்கம் இருந்தது. கூடவே தன் குரல் மீது கொஞ்சம் காதலும் இருந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டாவது வயதில் குரல் கரகரத்தது. தூசி என்றார். பிறகு ஃபேன் காற்று என்றார். வெந்நீரும் மிட்டாய் மாத்திரையுமாக மூன்று மாதம் ஓட்டினார். கடைசியில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவி அரை நாள் லீவு போட்டு அவரைத் தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண்ல ஒரு கட்டி இருக்கு. எடுத்துடணும். நல்லதா கெட்டதான்னு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் தெரியும்."

"எடுத்தப்புறம் குரல் பழையபடி வருமா டாக்டர்?"

"வரலாம். முழுசா வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

சபை வெண்கலத்துக்காக உபவாசமிருந்து ஜெபித்தது. பாடகர் குழு வீட்டுக்கே வந்து பாடியது. அறுவை சிகிச்சை முடிந்த அன்று டாக்டரம்மா கட்டளையிட்டார்: மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுவென்றும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். எதுவானாலும் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

"கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷத்துல, இன்னிக்குத்தான் நான் ஆரம்பிச்ச பேச்ச நானே முடிச்சிருக்கேன்" என்றாள் மனைவி. சிரித்தால்கூடச் சத்தம் வரக் கூடாது என்பதால் அவர் தோளை மட்டும் குலுக்கினார்.

மூன்றாம் நாள், பார்வையாளர் நேரத்தில் சபைச் செயலாளர் வந்தார். வெண்கலத்தைப் பார்த்துப் பார்த்தே ஜெபிக்கக் கற்றுக்கொண்டவர். நல்ல மனிதர். ஆரஞ்சுப் பழங்களை மேஜை மேல் வைத்தார், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார், தொண்டையைச் செருமினார். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று கேள்விப்பட்டதும் அவர் முகம் மாறியது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மருந்தெல்லாம் சரிதான். விசுவாசத்துலதான் எங்கயோ ஒரு ஓட்டை இருக்கணும். அத முதல்ல கண்டுபிடிச்சு அடைங்க. அப்புறம் பாருங்க, கர்த்தர் எப்படித் தொடுறாருன்னு!"

வெண்கலத்துக்குச் சுருக்கென்றது. கோபத்தில் நோட்டை எடுத்தார். பென்சிலையும் எடுத்தார். எழுத ஒன்றும் வரவில்லை. அந்தப் பேச்சு அவருக்குத் தெரிந்த பேச்சு. 'எங்கயோ' என்பதில் கொடுத்த அழுத்தமும், 'அப்புறம் பாருங்க' என்று கையை உயர்த்தியதும்கூட அவருடையவை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் அவர் இதைச் சொன்னார். பாடகர் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடும் தையல்காரரின் மனைவி அங்கே கிடந்தாள். தையல்காரரை அவர் தம்பி என்றும், அவளைத் தங்கச்சி என்றும்தான் கூப்பிடுவார். எட்டு புதன்கிழமை ஜெபித்தும் அவள் உடம்பு தேறவில்லை. ஒன்பதாவது புதன்கிழமை வெண்கலம் அந்த ஓட்டையைப் பற்றிப் பேசினார். ஆறு கட்டிலுக்கும் கேட்கும்படி பேசினார். தங்கச்சி சரி என்று தலையாட்டினாள். மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தாள். அடக்க ஆராதனையில் வெண்கலம்தான் உரக்கப் பாடினார். அதற்கப்புறம் தையல்காரர் தேவாலயத்துப் படியேறவே இல்லை. துக்கம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று வெண்கலம் நினைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் ஜெபித்துவிட்டுக் கிளம்பிப் போனார். வெண்கலம் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் ஜெபிக்க முயன்றார். வாய் திறக்காமல் மனசுக்குள் உலகம் உண்டான நாளிலிருந்து ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே வண்டி நின்றுவிடும். கேட்பதற்குத் தன் குரலே இல்லாதபோது அந்த அழகான வார்த்தைகளால் என்ன பிரயோஜனம் என்று அவருக்கே தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாகத் தான் ஆண்டவரிடம் பேசினோமா, ஆண்டவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தன் பேச்சைத் தானே ரசித்தோமா? கடைசியில் மிஞ்சியது இரண்டே வார்த்தை: இரங்கும் ஆண்டவரே. அதைச் சொல்லிவிட்டு, டீச்சர் நிற்பாரே அந்த மாதிரி, சும்மா இருந்தார்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. கெட்ட கட்டி இல்லை. மனைவி தபால் நிலையச் சீருடையோடு ஓடி வந்து சேதியைச் சொல்லி, அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். அவருக்கும் நன்றி நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. கட்டியை எடுத்த கைகளுக்கு, அந்தக் கைகளைத் தந்தவருக்கு, இந்த அழுகைக்கு. ஆனால் அந்த நன்றிக்கு நடுவே தங்கச்சியின் முகம் வந்து நின்றது. அவளுக்கு வராத நல்ல சேதி தனக்கு ஏன் வந்தது? தன் விசுவாசத்தில் ஓட்டை இல்லை என்பதாலா? சத்தியமாக அப்படி இல்லை என்பது அவருக்கு இப்போது தெரியும்.

மூன்று வாரம் முடியப் போகிற வெள்ளிக்கிழமை டாக்டரம்மா புதுக் கட்டளை போட்டார்.

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பேசலாம். ஒரு நாளைக்கு மொத்தமா அஞ்சு நிமிஷம். மெதுவா. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினாலும் புண்ணு திரும்பிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

சேதி எப்படித்தான் பரவியதோ, அன்று மாலையே செயலாளர் வெண்கலத்தின் வீட்டு வாசலில் நின்றார்.

"அஞ்சு நிமிஷம் தாராளம் அண்ணே! ஞாயித்துக்கிழமை சபையில, கர்த்தர் சுகமாக்கினதுக்கு நீங்கதான் சாட்சி சொல்றீங்க. முன்னயும் பின்னயும் பாட்டு வெச்சு நிரப்பிடலாம். அறிவிப்புப் பலகையில எழுதிப் போட்டாச்சு."

அவர் போனதும் வெண்கலம் நோட்டில் நீளமாக எழுதி மனைவியிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். பெண்கள் வார்டில் நடந்தது அவளுக்கு அன்றுதான் முழுசாகத் தெரிய வந்தது.

"சரி, தப்புதான். சாட்சிய ஞாயித்துக்கிழமை சொல்லுங்க, தையல்காரர் வீட்டுக்குத் திங்கக்கிழமை போங்க. இல்லன்னா இப்பவே ஒரு கடிதாசு எழுதுங்க, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

அவர் பென்சிலை வாங்கி எழுதினார்: 'வாயால சொன்னத வாயாலதான் எடுக்கணும். அத எடுக்காம, நான் சுகமானேன்னு அங்க நின்னு சொன்னா, தங்கச்சிய இன்னொரு தடவ குத்தின மாதிரி.'

அவள் நோட்டை மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். தெருமுனையில் அவள் நேராகப் போனாள், அவர் இடது பக்கம் திரும்பினார். தேவாலயத்தில் எள் விழ இடமில்லை. செயலாளர் வெண்கலத்தைக் கூப்பிட்டபோது அவள்தான் எழுந்தாள். மேடை ஏறிப் பழக்கமில்லாதவள், இருந்த இடத்திலேயே நின்றாள்.

"அவருக்குக் குரல் வந்துடுச்சு. ஆண்டவருக்கும் டாக்டரம்மாவுக்கும் நன்றி. முதல்ல பேச வேண்டிய எடம் ஒண்ணு இருக்குன்னு அங்க போயிருக்கார்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மிச்ச நேரத்தை எந்தப் பாட்டால் நிரப்புவது என்று செயலாளர் கையைப் பிசைந்தார்.

தையல்காரர் வீட்டில் முன்னறைதான் கடை. ஆராதனை நடக்கும் நேரம் பார்த்து அவர் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளிச் சீருடைகள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. பட்டனுக்குக் காஜா எடுக்க வேண்டிய சட்டைகள் கொடியில் தொங்கின. வாசலில் நின்று வெண்கலம் கூப்பிட்டார்.

"தம்பி."

மூன்று வாரத்துக்கப்புறம் வந்த முதல் வார்த்தை. தகரத்தைத் தரையில் இழுத்தது போல இருந்தது. அவருக்கே அது யார் குரலோ என்று தோன்றியது. தையல்காரர் நிமிரவில்லை, மிஷின் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவே இல்லை. ரயில் இன்ஜினை ஜெயித்த குரல் ஒரு தையல் மிஷினிடம் தோற்றுப் போனது. சத்தத்தை உயர்த்த முடியாது. அவர் வாசலிலேயே நின்றார். ஒரு காலர் முடிந்தது. இன்னொரு காலர் முடிந்தது. பாபினில் நூல் தீர்ந்தபோது தையல்காரர் தலையைத் தூக்கினார். வந்திருப்பது யார் என்று பார்த்தார். பார்த்த பிறகும் வாங்க என்று சொல்லவில்லை.

வெண்கலம் உள்ளே வந்தார். இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருபது வினாடியில் அறிவிப்பை முடித்துப் பழகியவர். வார்த்தைகளை எண்ணித்தான் எடுத்து வந்திருந்தார்.

"தம்பி, எனக்கு அஞ்சு நிமிஷம்தான் குரல். ஆஸ்பத்திரியில தங்கச்சிகிட்ட, விசுவாசத்துல ஓட்டைன்னு சொன்னேன். அது பொய். தெரியாத ஒண்ண, ஆண்டவர் பேரச் சொல்லி, தெரிஞ்ச மாதிரி சொன்னேன். எல்லாரும் கேக்கச் சொன்னேன். என்ன மன்னிச்சுடு."

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"அந்த மூணு வாரம் அவ என்ன பண்ணா தெரியுமா அண்ணே? தேடினா. நான் யாருக்கு என்ன துரோகம் பண்ணேன், யோசிச்சுச் சொல்லுங்கன்னு தினமும் என்னக் கேட்டா. பேனா பிடிக்கக் கையில பலம் இல்ல. என்னை எழுதச் சொல்லி, அண்ணிக்கு ஒரு கடிதாசு, கீழ்வீட்டு அக்காவுக்கு ஒரு கடிதாசு. என்னிக்கோ போட்ட சண்டைக்கெல்லாம் மன்னிப்பு. ஒண்ணு எழுதி முடிச்சதும், இப்ப சரியாயிடுமான்னு கேப்பா. கடைசி நாள் கேட்டா, நான் இன்னும் கண்டுபிடிக்கலையான்னு." அவர் குரல் உடைந்தது. "சாகப் போற உடம்ப வெச்சுக்கிட்டு, இல்லாத ஓட்டையத் தேடிட்டே செத்துப் போனா அண்ணே."

வெண்கலம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தான் சொன்னது ஒரு வாக்கியம்தான் என்று நினைத்திருந்தார். அது ஒருத்தியின் கடைசி மூன்று வாரத்தைத் தின்றிருக்கிறது.

"தங்கச்சிகிட்ட ஒரு குறையும் இல்ல" என்றார். தொண்டை எரிந்தது. "குறை என்கிட்ட இருந்துச்சு. எனக்குக் கேக்கத் தெரியல. பேசத்தான் தெரிஞ்சுது. எனக்கு ஏன் சுகமாச்சு, அவளுக்கு ஏன் ஆகலன்னு எனக்குத் தெரியாது தம்பி. தெரியவே தெரியாது."

அதோடு குரல் அடைத்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் பார்த்தால் நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. தையல்காரர் பாபினை எடுத்து நூல் சுற்றினார்.

"மன்னிச்சுட்டேன்னு இன்னிக்குச் சொன்னா அது பொய் அண்ணே. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்ல."

வெண்கலம் தலையாட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பியபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"வலிக்குதா?"

திரும்பிப் பார்த்தார். தையல்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"பேசாதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க. தொண்ட வலிக்குதா?"

ஆமாம் என்று வெண்கலம் தலையாட்டினார். தையல்காரர் உள்ளே போய் வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். முக்காலியின் மேல் கிடந்த துணிகளை அள்ளி ஓரமாகப் போட்டார்.

"உக்காருங்க. அவளப் பத்தி நான் இன்னும் யார்கிட்டயும் பேசல."

வெண்கலம் உட்கார்ந்தார். தையல்காரர் அவளை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து ஆரம்பித்தார்.