நாகேஸ்வரி அக்காவின் நாலு ஸ்பீக்கர் தட்டு

நாகேஸ்வரி அக்கா கொழும்புக் கோட்டை ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்தவர். கொழும்பிலிருந்து வெளியூருக்குக் கதைக்க வேண்டுமென்றால் இடையில் அவரைப் போன்ற ஒருவரிடம் நம்பர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் அது. மூன்று பாஷையிலும் சனங்களின் குரலைக் கேட்டுக் கேட்டு அவருடைய காது அப்படிப் பழகிப்போனது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைத் தெருவால் யார் இருமிக்கொண்டு போனாலும், கதவைத் திறக்காமலே ஆள் பெயர் சொல்லுவார். அடுத்த வீட்டில் இருக்கிற அவருக்குக் கேட்டுவிடும் என்ற பயத்தில் என் மனைவி நேசமலர் என்னை ஏசுவதென்றால் பின்பக்கம் அடுப்படிக் குசினிக்குள் கூட்டிப்போய்த்தான் ஏசுவாள். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அக்காவை நல்லாகப் பிடிக்கும்.

நான் தில்லைநாதன். தேயிலைக் கொம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய றெக்கோட் பிளேயர்களை வாங்கிக் கழற்றிப் பூட்டுவது என்னைப் பிடித்த விசர். இந்த விசரால் எனக்கு எந்த நன்மையும் வந்ததில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டில் வந்தது பெரிய தலையிடி.

அக்காவுக்கு ஒரே மகன், நகுலேசன். எழுபதுகளின் தொடக்கத்தில் கணக்கியல் படிக்க லண்டனுக்குப் போனவன். அங்கே ஒரு மண்டபத்தில் ஜாஸ் கச்சேரி கேட்கப் போயிருக்கிறான். ட்ரம்ஸ்காரன் தனியாக வெளுத்து வாங்கிய இடத்தில் பையனுக்குத் தாங்க முடியாமல், “அப்பிடிப் போடு!” என்று கத்திவிட்டானாம். முன்னுக்கு இருந்த வெள்ளைக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். அன்றைய கச்சேரியை ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து தாயிடம் கொடுத்து, முதல் பக்கத்தின் கடைசியில் கேளுங்கள், பின்னால் நின்று கத்துவது நான்தான் என்று சொன்னான். அக்கா அயலெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

படிப்பு முடிந்து திரும்பி வந்தவனுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கந்தோரில் வேலை கிடைத்தது. எண்பத்து மூன்று ஜூலையில், அந்தத் திங்கட்கிழமை, தமிழரின் கடையும் வீடும் எரியத் தொடங்கியதும் கந்தோரைப் பூட்டிவிட்டு வெள்ளவத்தைக்கு நடந்து வருகிறேன் என்று வெளிக்கிட்டான். வந்து சேரவில்லை. கண்டதாகச் சொன்னவரும் இல்லை, உடலும் இல்லை. அதே நாளில் அக்காவின் வீட்டுக்குள் புகுந்தவர்கள் றேடியோ, தையல் மெஷின், சோற்றுப்பானை வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தட்டு அவர்களுக்கு எதற்கு? அலுமாரிக்கு அடியில் கிடந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஒரு மலிவான பிளேயர் வாங்கினார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டதும் தட்டைப் போடுவார். முதல் பக்கம் மட்டும். ட்ரம்ஸ் அடிக்குள், தண்ணீருக்கு அடியில் இருந்து வருவது மாதிரி, ஏதோ ஒரு சத்தம் கேட்கும். எனக்கு அது இருமலா கத்தலா என்றே தெரியாது. அக்காவுக்குத் தெரியும். வருடக்கணக்காக இதுதான் நடந்தது.

அந்தப் பிளேயர் பழுதாகி என்னிடம் வந்தபோதுதான் தட்டின் உறையை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். நாலு ஸ்பீக்கரில் கேட்பதற்கென்று செய்த தட்டு அது! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அக்காவுக்கு விளக்கம் கொடுத்தேன். இந்த மாதிரித் தட்டில் வாத்தியக்காரர் முன்னுக்கு இருக்கிற இரண்டு ஸ்பீக்கரிலும் வருவார்கள், மண்டபத்தில் இருந்த சனம் பின்னுக்கு இருக்கிற இரண்டிலும் வரும், சாதாரணப் பிளேயரில் எல்லாம் ஒரே சட்டிக்குள் விழுந்துவிடும் என்றேன்.

அக்கா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப அவன்ர சத்தம் தனியாக் கேக்குமோ, தம்பி?”

“ஓம் அக்கா, தெளிவாக் கேக்கும்” என்றேன். என் வாய்க்குப் பூட்டுப் போட ஒருவரும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை விளக்கின் கீழ் தட்டைத் துடைத்தபோதுதான் இரண்டு பக்கத்தையும் ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டாம் பக்கம் பாலிஷ் போட்ட புதுச் சப்பாத்து மாதிரிக் கறுப்பாக மினுங்கியது. முதல் பக்கம் சாம்பல் நிறத்தில் செத்துப்போய்க் கிடந்தது. இந்தத் தட்டுகளில் பின்பக்கத்துச் சத்தத்தைப் பிரித்து எடுப்பதற்கான அடையாளத்தை, மனிதக் காதுக்கு எட்டாத உயரமான சத்தமாக, மிக நுணுக்கமாகச் செதுக்கியிருப்பார்கள். அதைத் தொட விசேஷ ஊசி வேண்டும். சாதாரண ஊசி அதைச் சுரண்டிவிடும். அக்காவின் ஊசியோ சாதாரணத்திலும் கடைகெட்டது. போதாக்குறைக்கு, ஊசி துள்ளாமல் இருப்பதற்கு அதன் தலையில் ஒரு சில்லறைக் காசை வேறு ஒட்டி வைத்திருந்தார். கொழும்பில் அப்போது எல்லாரும் செய்கிற வேலைதான் அது. மகனைக் கேட்கக் கேட்க, மகனை அழித்திருக்கிறார் மனிசி.

இதை எந்த வாயால் சொல்வது? நேசமலரிடம் மட்டும் சொன்னேன். குசினிக்குள் கூட்டிப்போனாள். கிழவியின் மனத்தில் ஆசையை விதைக்கச் சொல்லி உங்களை ஆர் கேட்டது என்று தொடங்கி, குண்டு வெடிக்குமென்று ஊர்முழுக்க ஆமி நிற்கிற நேரத்தில் வயரும் பெட்டியும் தேவையோ என்பது வரை ஏசினாள். எல்லாப் பள்ளமும் தேய்ந்திருக்காது, கடைசிப் பகுதி தப்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமத்தில் விழித்தால் அதுவும் பொய் என்று தெரியும்.

புறக்கோட்டையில் பழைய ஜப்பான் சாமான் விற்கிற மஷூரிடம் சொல்லி வைத்திருந்தேன். பிளேயரும், விசேஷ ஊசியும், முன்சத்தத்தையும் பின்சத்தத்தையும் பிரிக்கிற பெட்டியும் கிடைக்காமல் போனால் நல்லது என்று உள்ளுக்குள் நேர்ந்துகொண்டேன். அக்காவோ நாளாந்தம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, வந்துவிட்டதா என்று கேட்பார். பாழாய்ப்போன மஷூர் கெட்டிக்காரன். எல்லாவற்றையும் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டான்.

திரீவீலரில் கொண்டுவரும்போது பம்பலப்பிட்டி செக்பொயின்ரில் ஆமிக்காரர் மறித்தார்கள். பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிற வயரையும் சின்னச் சிவப்பு விளக்கையும் ஓர் ஆமிக்காரப் பெடியன் பார்த்த பார்வையில் எனக்கு வேர்வையில் சேட்டு நனைந்துவிட்டது. பாட்டுப் பெட்டி, மாத்தயா, பாட்டுப் பெட்டி என்று சிங்களத்தில் கும்பிடாத குறையாகச் சொன்னேன். விட்டான்.

ஒரு ஞாயிறு காலை, அக்காவின் முன்னறையில் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டினேன். நாலு மூலைக்கும் நாலு ஸ்பீக்கர், சுவரோரமாக வயர். அக்கா கஞ்சி போட்ட சேலை உடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, அறைக்கு நடுவே கதிரை போட்டு இருந்தார். தட்டின் முதல் பக்கத்தை மேலே பார்க்க வைத்ததும் அவர்தான். நான் ஊசியின் பாரத்தைச் சரிபார்த்தேன். பிறகு திரும்பவும் சரிபார்த்தேன். வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். இப்படியே மத்தியானம் வரைக்கும் இழுத்து, வேறொரு நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்வதுதான் என் திட்டம்.

கேற்றைத் தட்டிச் சத்தம் கேட்டது. ஒழுங்கையை இரண்டு பக்கமும் அடைத்து வீடு வீடாகச் சோதிக்கிறார்கள். ஒரு பொலிஸ் சார்ஜன்டும், துவக்கோடு இரண்டு ஆமிக்காரரும் உள்ளே வந்தார்கள். கொழும்பில் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்க வாயைத் திறந்த சார்ஜன்ட் அறையைக் கண்டதும் வாயை மூடிவிட்டான். நாலு மூலையில் நாலு பெட்டி, எல்லாவற்றுக்கும் வயர், நடுவில் ஒரு தமிழ்க் கிழவி. யாருக்குத்தான் சந்தேகம் வராது? இது என்ன என்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கோ ஓடிவிட்டது.

அக்கா எழும்பவில்லை. எக்ஸ்சேஞ்சில் பேசிய அந்தச் சிங்களத்தில், ஒரு சொல் பிசகாமல், இது பாட்டுக் கேட்கிற சாமான், இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை என்றார். அப்படியென்றால் போட்டுக் காட்டச் சொன்னான் சார்ஜன்ட்.

வேறு வழி? முதல் பக்கத்தில் ஊசியை இறக்கினேன். முன்னுக்கு இருந்த இரண்டும் ட்ரம்பெட்டை ஊதித் தள்ளின. பின்னுக்கு இருந்த இரண்டிலும் கடுகு தாளிக்கிற மாதிரி ஒரு பொரிவு. அந்த நுணுக்கமான அடையாளம் அகப்பட்டால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. கடைசிப் பகுதிக்கு ஊசியைத் தள்ளி வைத்தேன். அங்கேயும் பொரிவுதான். அக்கா கழுத்தைத் திருப்பி அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்ஜன்ட் குனிந்து காதை வைத்தான். முன்னுக்கு இருக்கிறது பாடுகிறது, இது ஏன் பாடவில்லை, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டான். ஒரு ஆமிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தான். அவன் கத்தியை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரின் துணியைக் கிழிக்கப் போனான். கொஞ்சம் பொறுங்கள் என்று எந்தப் பாஷையில் கத்தினேனோ தெரியாது. தட்டைப் பிரட்டி இரண்டாம் பக்கத்தைப் போட்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தப் பக்கம் முழுக்க ஒரே நீளமான வாசிப்பு. தொடக்கத்தில் பேஸ் வயலின் மட்டும் மெதுவாக உறுமியது. பின்னால் மண்டபம் திறந்துகொண்டது. கதிரை நகர்கிற சத்தம், யாரோ கிசுகிசுப்பது, பிறகு ஓர் இருமல். இரண்டு ஆமிக்காரரும் சடாரென்று திரும்பித் துவக்கை நீட்டினார்கள். அங்கே மூலையில் ஸ்பீக்கர்தான் இருந்தது. சார்ஜன்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்த பிறகு அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பதிவுத் துண்டைப் பார்த்தான், இந்த நாட்களில் வீட்டுக்குள் இவ்வளவு வயர் நல்லதல்ல, கழற்றிவிடுங்கள் என்று எனக்குச் சொன்னான், போய்விட்டார்கள்.

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. நான் வேர்வையைத் துடைத்தேன். உயிர் தப்பியதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட நேரம் தரவில்லை அக்கா.

“இந்தப் பக்கத்தில வந்தது, அந்தப் பக்கத்தில ஏன் வரேல்லை?”

சொன்னேன். ஊசியையும் காசையும் பற்றிச் சொன்னேன்.

“அப்ப நான்தானோ தேய்ச்சனான்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தட்டுச் செய்தவன் பிழை, பிளேயர் பிழை என்று எதையாவது அளந்திருக்கலாம். ஆனால் குரலைக் கேட்டே பொய்யைப் பிடிக்கிற மனிசியிடம் எதைச் சொல்வது? “ஓம் அக்கா” என்றேன். அவர் அழவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ட்ரம்ஸும் ட்ரம்பெட்டும் ஓய்ந்து, பேஸ் வயலின் திரும்பத் தனித்தது. பின்னால், இடது பக்கம், யாரோ தொண்டையைச் செருமி, மூக்கால் மெல்லச் சிரித்தார்கள். அவ்வளவுதான். அக்கா கையை உயர்த்தினார்.

“அவன்தான்” என்றார்.

எனக்கு அது யாரோ ஒருவருடைய சிரிப்பாகத்தான் கேட்டது. ஆனால் அந்தக் காதோடு வழக்காட நான் ஆர்? அக்கா எழும்பி, கதிரையை இழுத்துக்கொண்டு போய், அந்த மூலை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். வாத்தியக்காரர் இப்போது அவருக்குத் தூரத்தில் இருந்தார்கள். சனத்துக்குள் சனமாக இருந்து கேட்டார். ட்ரம்ஸ் திரும்ப வந்தது. ட்ரம்பெட் ஏறியது. ஊசி உள்ளுக்கு வந்துகொண்டிருந்தது. முடியப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கிறது.

“தம்பி, நிப்பாட்டும்” என்றார் அவசரமாக. “கைதட்டினா எல்லாரும் எழும்பி வீட்டுக்கு வெளிக்கிட்டிடுவினம். அதுக்கு முதல் நிப்பாட்டும்.”

நான் ஊசியைத் தூக்கினேன்.