ஹேமா இறக்கிப் பாடிய பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திருத்தணியில், மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் டைனிங் ஹால். சாப்பாட்டு மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாற்காலி போட்டு, ஒரு கச்சேரி. மைக் முன்னால் கிடாரோடு நின்றவள் என் மனைவியின் தங்கை ஹேமா.

நடுவில் ஒருவர் எழுந்து நின்று கத்தினார்.

"அக்கா... 'ஓட்டு மேல மழை' பாடுங்கக்கா!"

என் மனைவி லதா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏன் தெரியுமா?

ஹேமா சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுபவள். சினிமா கிடையாது, பின்னால் எந்த கம்பெனியும் கிடையாது. ஆரம்பத்தில் அவள் பாடியது சோல் மியூசிக். "சோல்னா... ஷூவுக்கு அடியில இருக்குமே, அதுவா?" என்று லதா கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நெஞ்சைத் திறந்து கொட்டுகிற பாட்டுங்க அது! சென்னை காபி ஷாப்களில் பாடுவாள். 'ஓட்டு மேல மழை'யின் நடுவில் ஓர் இழுப்பு வரும்... மேலே, மேலே, இன்னும் மேலே. கேட்கிற நமக்கு மூச்சு முட்டும். அந்த இழுப்புக்காகவே கூட்டம் வந்தது.

போன வருஷம் தைராய்டில் கட்டி. ஆப்பரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். "பேச்சு திரும்பிடும்மா. உச்சக் குரலுக்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது" என்றார் டாக்டர்.

பேச்சு திரும்பியது. உச்சம் திரும்பவில்லை. எவ்வளவோ பயிற்சி செய்து பார்த்தாள்... மேலே போனால் வெறும் காற்றுதான் வந்தது. கிடார் பீரோ மேல் ஏறியது. ஆறுதல் சொல்லப் போனால், "காபி சாப்பிடறீங்களா பாவா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். (தெலுங்கு கலந்த வீடு; அத்தானுக்கு அங்கே 'பாவா'.)

ஒருநாள் பள்ளிப்பட்டிலிருந்து என் மாமியாருக்கு போன். அங்கே ஏதோ விசேஷம். ஏன் இன்னும் வரவில்லை என்று அவருடைய அக்கா கேட்கிறார்.

"ஆங்... பஸ்ல வந்துகினே இருக்கேன்!" என்றார் மாமியார் — தலையில் எண்ணெய் வழிய, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு!

ஹேமா ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். அந்த 'வந்துகினே இருக்கேன்'-ஐ, பேசுகிற சுருதியிலேயே, மெல்ல இழுத்துப் பார்த்தாள். இன்னொரு வரி ஒட்டிக்கொண்டது. அன்றே கிடார் கீழே இறங்கியது.

அதன்பிறகு அவள் பாட்டே வேறு. கிடாரோடு பம்பை மேளம் சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டு சண்டை, சம்பந்தி கேலி, பாதி தமிழ், பாதி தெலுங்கு...

"இது சோலா, நாட்டுப்புறமா?" என்று கேட்டேன்.

"ரெண்டுந்தான் பாவா. கத்தறதை மட்டும் விட்டுட்டேன்."

அப்படி மீண்டவளின் முதல் கச்சேரியில்தான் அந்த மனிதர் பழைய பாட்டைக் கேட்டார்.

ஹேமா மைக்கைக் கிட்டே இழுத்தாள். "அந்த இழுப்பு இப்ப எனக்கு வராதுங்க. தொண்டையில ஆப்பரேஷன் ஆயிருக்கு. வர்ற மாதிரி பாடட்டுமா?"



"பாடுங்கக்கா" என்றார் அவர். இப்போது கத்தவில்லை.

பாடினாள். தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாமல். அந்த இடம் நெருங்க நெருங்க, நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஹேமா மேலே ஏறவே இல்லை. 'ஓட்டு மேல மழை பெய்யுது... உள்ள நனையுறது யாரு?' என்று, வாசலில் நிற்பவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள். அவ்வளவுதான். லதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

முடிந்ததும் அவர் ஹேமாவிடம் வந்தார்.

"எத்தினி வாட்டி கேட்டிருப்பேன்க்கா! உங்க குரலையே கேட்டுகினு இருந்துட்டேன். புருஷன் வீட்டை விட்டு வர்ற பொண்ணு பாடறதுன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது."

ஒருவரிடம் ஒரு திறமை ரொம்பப் பளபளத்தால், அவரிடம் இருக்கும் மற்ற எதுவும் நம் கண்ணில் படுவதில்லை... இல்லையா?

திரும்பும்போது ஆட்டோவில் ஹேமா வாயே திறக்கவில்லை. எனக்குக் கவலை. "என்னம்மா, வருத்தமா?"

"ஜனங்களுக்கு வார்த்தை புரியுதாமே பாவா... இனிமே ஒழுங்கா எழுதணும்!"