மாமி எடுத்துக்கொண்ட பெயர்

மேலே இருந்து பார்க்கிற எதுவும் நல்லதல்ல என்பதில் ஒன்பது வயதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. ஹெலி மேலே இருந்து பார்த்தது, கண்டால் சுட்டது. பொம்மர் மேலே இருந்து பார்த்தது. கண்டால் குண்டு போட்டது. அதனால் நாங்கள் வெள்ளைத் துணியை முற்றத்தில் காயப்போடுவதில்லை. பொழுதுபட்டால் விளக்கைச் சுற்றி மட்டை வைத்து மறைத்தோம். அடுப்பில் புகை கூடினால் அம்மா பதறிப்போய் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளிப்பார். இப்படி ஒரு நாடே தலையைக் குனிந்துகொண்டு ஒளித்துத் திரிந்த காலத்தில், என் மாமி தன் கடவுளை ‘என்னைக் காண்கிறவரே’ என்று சத்தம் போட்டுக் கூப்பிடத் தொடங்கினார்.

மாமி, அப்பாவின் தங்கை. நாங்கள் குருநகர்க் கடற்கரை ஆட்கள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி மூண்டு கரையில் செல் குண்டுகள் விழத் தொடங்கியதும், பண்டத்தரிப்பில் ஒரு தோட்டக்காரரின் வீட்டு விறாந்தையையும் அதோடு ஒட்டிய அறையையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். அப்பா, அம்மா, நான், மாமி, நாலு பேர். மாமியின் புருஷன் எங்களோடு வரவில்லை. நாங்கள் இடம்பெயர்வதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு விடியற்புறம் வலை எடுக்கப் போன மாமா திரும்பி வரவில்லை. தோணியும் வரவில்லை. ஒரு பலகைத் துண்டுகூட ஒதுங்கவில்லை. வழக்கமாக அப்பாவும் மாமாவும் ஒரே தோணியில்தான் போவார்கள். அன்றைக்கு அப்பா காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடந்ததால் மாமா தனியே போனார். போகும்போது வாசலில் குந்தியிருந்த என் பின்னலைப் பிடித்து ஒரு இழுவை இழுத்துவிட்டுப் போனார். அது அவர் தினமும் செய்கிற வேலை. நான் அன்றும் வழக்கம்போலச் சிணுங்கினேன்.

கடலில் நின்ற மனுஷனான அப்பா பண்டத்தரிப்பில் வெங்காயப் பாத்திக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறினார். அவருக்கு அதில் இருந்த எரிச்சல் முழுவதும் மாமியின் சபையின் மேல் இறங்கியது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு கிடுகுக் கொட்டிலில் அந்தச் சபை கூடும். கை தட்டிப் பாடுகிற சபை. மாமி முதலில் பாட்டுக் கேட்கத்தான் போனார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார். பிறகு புதன்கிழமைகளும் சேர்ந்துகொண்டன. தலைமுறை தலைமுறையாகச் செபமாலை சொல்லி வந்த குடும்பத்தில் ஒருத்தி கொட்டிலுக்குப் போவதா என்று அப்பா கொதித்தார். மாமி பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாத ஆளோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதே விளங்கியிருந்தது, ஏனென்றால் நானும் முயன்று பார்த்திருந்தேன்.

வட்டுக்கோட்டைப் பக்கம் இருந்து சைக்கிளில் வருகிற போதகர் ஒருவர் அங்கே கடவுளின் எபிரேயப் பெயர்களைப் படிப்பித்தார். எபிரேயர்கள் தங்கள் கடவுளை ஒரு பெயரோடு விடவில்லையாம். எலோகீம் என்றால் படைத்தவர். எல்ஷடாய் என்றால் எல்லாம் வல்லவர். யெகோவாயீரே என்றால் வேண்டியதைத் தருகிறவர். யெகோவாராஃபா என்றால் சுகமாக்குகிறவர். பெயர்கள் சும்மா வரவில்லை, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வழி தெரியாமல் நின்ற இடத்தில் பிறந்தது என்று அவர் சொல்வாராம். மலையில் பலிக்கு ஆடில்லாமல் மகனோடு நின்ற தகப்பனிடம் ஒரு பெயர் பிறந்தது. கசப்புத் தண்ணீருக்கு முன்னால் தாகத்தோடு நின்ற சனத்திடம் இன்னொன்று. ஆகவே விசுவாசிகளும் தங்கள் தங்கள் இக்கட்டுக்கு ஏற்ற பெயரைப் பிடித்துக்கொண்டு மன்றாடலாம் என்றார் போதகர்.

மாமி வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னபோது எனக்கு நிவாரணம் குடுக்கிற கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. மாவுக்கு ஒரு வரிசை, சீனிக்கு ஒரு வரிசை. நான் நினைத்ததில் பெரிய பிழையும் இல்லை. கொட்டிலுக்கு வந்த பெண்களில் பாதிப்பேர் யீரேயை எடுத்துக்கொண்டார்கள். அந்த முறை நிவாரணத்தில் அரிசி வரவில்லை. மலேரியா பிடித்த வீட்டுக்காரர் ராஃபாவை எடுத்துக்கொண்டார்கள். யெகோவாநிசி என்றால் ‘என் கொடி’ என்று அர்த்தமாம். அதை ஒருவரும் தொடவில்லை. எந்தக் கொடி என்று கேட்டுக்கொண்டு யாராவது துப்பாக்கியோடு படலையைத் திறந்தால் யார் பதில் சொல்வது? யெகோவாஷாலோம் என்றால் சமாதானம். அந்தச் சொல்லை வானொலியில் கேட்டுக் கேட்டுச் சனத்துக்கு அலுத்துப்போயிருந்தது.

அப்பா விறாந்தையில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “எங்களிட்டை இல்லாததே? துலைஞ்ச சாமானுக்கு அந்தோனியார், கொள்ளை நோய்க்குச் செபஸ்தியார், நல்ல சாவுக்குச் சூசையப்பர்” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். போதகரின் கட்சியைத்தான் தானும் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் பெரிய பெயர் ஒன்று நாலே எழுத்தில் இருக்கிறதாம் என்று மாமி தொடர்ந்தார். யூதர்கள் வாசிக்கும்போது அதை வாயால் உச்சரிக்காமல் அதோனாய், அதாவது ஆண்டவர், என்று மாற்றிச் சொல்லிவிட்டுப் போவார்களாம். சொல்லக்கூடாத பெயரை ஏன் எழுதி வைத்தவர்கள் என்று அப்பா மடக்கினார். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அப்பாவின் பெயரை வாயால் சொல்லாத அம்மாவுக்கு இதில் ஒரு புதினமும் தெரியவில்லை. மரியாதை என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆயத் தொடங்கினார். அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற ‘இஞ்சேருங்கோ’வுக்கு எபிரேயச் சொல்தான் அதோனாய் என்று நான் கனகாலம் நம்பியிருந்தேன்.

மாமி எடுத்துக்கொண்டது யாருமே எடுக்காத ஒரு பெயர். எல்ரோயீ. என்னைக் காண்கிறவர். வேதத்தில் கடவுளுக்கு இப்படித் தானாக ஒரு பெயர் வைத்தவள் ஒரு அடிமைப்பெண் என்று மாமி சொன்னார். எசமானியின் கொடுமை தாங்காமல் வயிற்றில் பிள்ளையோடு ஓடிப்போய், வனாந்தரத்தில் ஒரு நீரூற்றுத் துரவடியில் இருந்தவளாம். அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை. வந்து கதைத்த ஒரேயொருவருக்கு அவள் வைத்த பெயர் அது.

“அவளுக்கு அவர் வீடு வாசல் ஒண்டும் குடுக்கேல்லை மச்சாள். திரும்பிப் போ எண்டுதான் சொன்னவர்” என்றார் மாமி. “ஆனா கண்டவர்.”

காண்பதால் என்ன பிரயோசனம் என்று அம்மாவின் முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் அம்மா கேட்கவில்லை. மாமா எங்கேயோ உயிரோடு இருக்கிறார், கடவுள் அவரைக் கண்டுகொண்டிருக்கிறார், ஒருநாள் கொண்டுவந்து விடுவார் என்று மாமி நம்புகிறார். பாவம், நம்பிவிட்டுப் போகட்டும். அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அப்பாவும் அப்படித்தான். நான் ஒருபடி மேலே போய், பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வருகிற ஒழுங்கையின் முடக்கில் நின்று மாமா வருகிறாரா என்று பார்க்கத் தொடங்கினேன்.

ஆனால் அந்தப் பெயர் என்னைப் பயப்படுத்தியது. மாமி முழங்காலில் நின்று எல்ரோயீ, எல்ரோயீ என்று கூப்பிடும்போது நான் விறாந்தைக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்ப்பேன். மேலே இருக்கிற ஒருவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, இந்தா நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று காட்டிக்கொடுப்பது என்ன புத்தி? மாமா அவர் கண்ணில் படவும் வேண்டும், நாங்கள் படவும் கூடாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மாமி செபித்து எழும்பியதும் நான் பின்னாலேயே முழங்காலில் நின்று, கடல் பக்கம் மட்டும் பாரும், பண்டத்தரிப்புப் பக்கம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். கடைசியாகக் கேட்ட மன்றாட்டுத்தான் செல்லும் என்பது என் கணக்கு.

நவம்பர் பிறந்தது. எங்கள் சமயத்தில் அது செத்துப்போனவர்களின் ஆத்துமாக்களுக்கான மாதம். மாமாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும், மரித்தவர்களின் பெயர்களோடு அவருடைய பெயரையும் சுவாமியார் வாசிக்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். இப்ப வேண்டாம் அண்ணை என்றார் மாமி. ஏன் என்று சொல்லவில்லை. அப்பா கெஞ்சினார், ஏசினார், சாப்பிடாமல் கையைக் கழுவினார். வெங்காயத் தோட்டத்தில் இருந்து வந்து விறாந்தையில் சாய்ந்தால் கண் மூடாமல் கூரையைப் பார்த்தபடி கிடப்பார். மாமாவின் பெயரைச் சுவாமியார் ஒருக்கால் வாசித்துவிட்டால் தனக்கு நித்திரை வரும் என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நித்திரைக்கும் பூசைக்கும் என்ன தொடுப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் காலை அப்பா தோய்த்த வெள்ளைச் சேட்டும் சாரமும் உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டார். நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இன்றைக்குச் சுவாமியாரிடம் பெயரைக் கொடுக்கப்போகிறேன் என்றார். மாமி படலையில் போய் மறித்து நின்றார். மாமி அப்படிச் செய்து நான் ஒருநாளும் கண்டதில்லை. அப்பா கையை ஓங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் பொம்மரின் இரைச்சல் கேட்டது. அடுத்த கணம் நாலு பேரும் முற்றத்தில் வெட்டி வைத்திருந்த பங்கருக்குள் இருந்தோம். மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை, உள்ளே முழங்காலோடு முழங்கால் முட்டுகிற இடைவெளி. அம்மா செபமாலையை எடுத்து அருள் நிறைந்த மரியே தொடங்கினார். மாமி கண்ணை மூடிக்கொண்டு எல்ரோயீ என்றார்.

நான் பாய்ந்து மாமியின் வாயைப் பொத்தினேன். “கூப்பிடாதேங்கோ மாமி. பாத்திடும்.”

அம்மாவுக்கு மந்திரத்தின் நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது போல இருந்தது. மாமி என் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எங்கேயோ தூரத்தில் குண்டு விழுந்தது. பிறகு கொஞ்சம் கிட்ட ஒன்று. மேலே இருந்து மண் சரிந்து எங்கள் தலைகளில் கொட்டியது. பிறகு இரைச்சல் தேய்ந்து போயிற்று. ஆனாலும் அது சுற்றி வரும் என்பதால் ஒருவரும் வெளியே போகவில்லை.

சும்மா இருக்கிற நேரத்தை வீணாக்காமல் அப்பா விட்ட இடத்தில் இருந்து சண்டையைத் தொடங்கினார். “எத்தினை நாளைக்கு வருவார் வருவார் எண்டு இருக்கப்போறாய்?”

“வருவார் எண்டு நான் எப்ப சொன்னனான்?” என்றார் மாமி.

அப்பா மாமியின் பக்கம் திரும்பினார்.

“காண்கிறவர் எண்டுதானே சொல்லுறன். கொண்டுவந்து தருவார் எண்டு சொன்னனானே? அவர் செத்துப்போனார் அண்ணை. அண்டைக்குப் பின்னேரமே எனக்குத் தெரியும்.”

“பேந்து ஏன் பூசை வேண்டாம் எண்டனீ?”

“பூசை வைச்சா எல்லாரும் அதோடை முடிச்சுப்போடுவியள்.” மாமி என் கையைத் தடவியபடியே சொன்னார். “எங்கடை சனத்திலை ஆர் செத்தாலும் ஆரோ ஒருத்தர் பக்கத்திலை நிண்டிருக்கினம். தண்ணி கேட்டவர், இன்ன ஆளைக் கேட்டவர் எண்டு வந்து சொல்லுவினம். இவர் ஆரைக் கேட்டவர், எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு போனவர், ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு. அவரைக் காப்பாத்தேல்லை, சரி. ஒருத்தராவது பாத்துக்கொண்டு இருந்தவர் எண்டாவது இருக்கட்டும். அதுக்குத்தான் அந்தப் பேர்.”

மாமி அழவில்லை. நான்தான் அழுதேன். ஒழுங்கை முடக்கில் நின்ற நாட்களெல்லாம் வீணாய்ப் போய்விட்டன என்று எனக்கு ஆத்திரமாகவும் வந்தது. ஆனால் மாமியின் குறை எனக்கு நன்றாக விளங்கியது. யாராவது கூட நின்று பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதானே. அவரை ஆறுதல்படுத்த ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

“அண்டைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல் வராட்டி அப்பா கண்டிருப்பார், என்ன மாமி?” என்றேன்.

அம்மாவின் விரல்கள் என் தோளில் வந்து இறுகின. மூட்டையில் இருந்து மண் ஒழுகுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவின் முகம் இருட்டில் தெரியவில்லை. தோய்த்த சேட்டின் வெள்ளை மட்டும் தெரிந்தது. அது கொஞ்சம் ஆடியது.

“அந்தப் பேரை ஒருக்காச் சொல்லு” என்றார் அப்பா.

மாமி சொன்னார்.

“இன்னொருக்கா.”

மாமி திரும்பவும் சொன்னார். அப்பா தலையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மறுபடியும், சொல்லு என்றார். குண்டுச் சத்தத்தில் அப்பாவின் காது அடைத்துப்போயிற்று என்று எனக்கு விளங்கியது. பாவமாக இருந்தது. மாமியின் கையை விட்டுத் தவழ்ந்து போய், அவருடைய காதோடு வாயை வைத்து, அவ்வளவு நாளும் நான் பயந்துகொண்டிருந்த அந்தப் பெயரை அவருக்குக் கேட்கும்வரை கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன்.